மூடிக்குப் பூசிய முட்டைச் சுண்ணாம்பு

நல்லவன் வேஷம் போடுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வடசேரிக்கு மோட்டார் பஸ் வரத் தொடங்கியிருந்த காலம். மிஷன் காலேஜில் ரசாயனம் படித்து வெளியே வந்த எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. மலையடிவாரத்தில் புல்தைலம் காய்ச்சிய எங்கள் சபைக்காரர் ஒருவர், அதே புல்லில் இன்னும் அதிகத் தைலம் எடுத்துத் தர முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

ஆளுயரச் செப்புக் கலத்தில் புல்லை அடைத்துத் தண்ணீர் விட்டு, மூடி போட்டுத் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியாக ஓடைத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து, தைலமும் நீருமாகச் சொட்டும். மூடியின் விளிம்பைச் சுற்றிக் களிமண் அப்பியிருக்கும். ஆவி மிஞ்சினால் அந்த மண் விரிசல் விட்டுச் சீறும். கொட்டகையெங்கும் தைல வாசனை அடிக்கும். எனக்கு அந்த வாசனையே பிடிக்கவில்லை. வீணாகப் போகிற தைலம்தானே அது.

தீ போடுகிறவன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவன். நான் அவனை "ஏலே" என்பேன். அவன் என்னைச் "சாறே" என்பான். அது அவனுக்கு உறுத்தியதா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பெரிய கலத்தில் சோதனை செய்ய முதலாளி விடவில்லை. ஆகவே அதே வடிவில் ஒரு படி கொள்ளுகிற சின்னக் கலம் செய்வித்து, தீயைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு வாரம் காய்ச்சினேன். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். பெரிய கலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், புல்லை இறுக அடைத்து, எட்டு விறகில் தீயை நிறுத்தி, விளிம்பில் கசிவே இல்லாமல் பூசினால் தைலம் கூடும் என்று தெரிந்தது. தாளைக் காட்டியதும் முதலாளி பெரிய கலத்துக்குச் சம்மதித்தார். களிமண்ணை எறிந்துவிட்டு, சுவருக்குப் பூசுகிற முட்டைச் சுண்ணாம்பைக் குழைக்கச் சொன்னேன். காய்ந்தால் கல்லாக இறுகிவிடும்.

அவன் தயங்கினான். "சாறே, மண்ணு சீறுனாத்தான் உள்ள மூச்சு முட்டுதுண்ணு எனக்குத் தெரியும். ஒடனே வெறக இழுத்துப் போடுவேன். இது சீறாதே."

"ஒனக்குத் தெரியாட்டா என்னலே, எனக்குத் தெரியும். தீயப் போடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது எனக்குச் சுகமாக இருந்தது.

மத்தியானம் மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தைலம் திடீரென்று நின்றது. என்னவென்று பார்க்க அவன் கலத்தருகே குனிந்தான். மூடி பறந்தது. கொதித்த நீரும் வெந்த புல்லும் அவன் முகத்தில் அடித்தன.

பிறகு பார்த்தேன். புல் பொங்கி எழுந்து குழாயின் வாயை அடைத்திருந்தது. சின்னக் கலத்தில் போட்ட ஒரு பிடி புல் அப்படி ஒருமுறையும் எழுந்ததில்லை. அடுப்பில் எட்டு விறகுதான் இருந்தது. நானே எண்ணினேன்.

முதலாளி வந்ததும் தாளை விரித்து, "எட்டு சொன்னேன், இவன் ஒன்பது வச்சிட்டான்" என்றேன். ஒன்பதாவது என்று காட்ட, வேறொரு விறகைத் தீயில் கருக்கி, தண்ணீர் தெளித்து அணைத்துத் தனியாகப் போட்டும் வைத்திருந்தேன். அவர் நம்பினார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் கண் இரண்டையும் கட்டிப் படுக்க வைத்திருந்த அவனிடமும் போய் அதையே சொன்னேன்.

"எட்டுண்ணுதான் நினைச்சேன் சாறே" என்றான். "நீங்க சொன்னா ஒம்பதாத்தான் இருக்கும்."

பார்வை திரும்பவில்லை. நாலைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். அவள் கையில் ஒரு சீப்பு ஏத்தன் பழம்.

"ஒரு வெறகு கூட வச்சு ஒங்க கணக்கக் கெடுத்துட்டேன். சாறு பொறுத்துக்கிடணும்" என்று நான் நிற்காத பக்கம் பார்த்துக் கும்பிட்டான்.

சபையார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, போகட்டும்" என்று மன்னித்தேன். பழத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நன்றாகக் கனிந்திருந்தது. எல்லாவற்றையும் நானே தின்றேன்.