ஆற்றுவாய் வெட்டியதும் இறுகிய ரீல்

காலை ஏழு மணி, இரண்டு ரீல், தவராசா: மாரி தொடங்கினால் என் கடை பெரும்பாலும் இப்படித்தான் திறக்கும். கல்லடியில் பழைய கடல் ரீல்களைத் திருத்துகிறேன். புது ரீல் வாங்கியவர்கள் நேரே கடலுக்குப் போவார்கள். பழைய ரீல் வைத்திருப்பவர்கள் முதலில் என்னிடம் வருவார்கள். இதை வாசிக்கிற உங்களிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள். கைப்பிடியைச் சுற்றும்போது உள்ளே மணல் அரைபடுவது போன்ற சத்தத்தைக் கேட்டும் கேட்காதவர் மாதிரி இருந்திருப்பீர்கள். உங்கள் துயரம் எனக்குப் பழக்கமானது.

எதை எடுப்பது

தவராசா நாவலடிக்காரர். பகலில் வான் வண்டி ஓட்டுவார். வாவி கடலில் சேரும் ஆற்றுவாயை மணல் வெட்டித் திறக்கும் காலத்தில், அந்த முகத்துவாரத்தில் நின்று பெரிய பாரை மீனுக்குத் தூண்டில் போடுவார். போன வருடம் ஒரு பெரிய மீன் நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் மனைவி இராணிக்கு அதில் பொறுமை போயிற்று. சுவிஸிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், அந்தப் பழைய ரீலைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கத் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடமும் பெரிய மீன் ஏறாவிட்டால் ரீல் அவருக்கு என்று இராணி சொல்ல, தவராசாவும் ஓம் என்றிருக்கிறார். பயத்தில் சந்தையில் இன்னொரு ரீலையும் வாங்கிவிட்டார். இரண்டில் எதை நம்புவது என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

பழைய ரீலில் மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். திருகாணியின் தலையைப் பாருங்கள்; அது சிதைந்திருந்தால், திறக்கத் தெரியாத யாரோ திறந்திருக்கிறார்கள். நூல் சுற்றும் உருளையை இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். மீன் இழுக்கும்போது நூலைப் பிடித்துப் பிடித்து விடும் பிரேக்கை அளவாக இறுக்கி, நூலைக் கையால் இழுங்கள். அது சீராக வர வேண்டும். நின்று நின்று வந்தால், அந்த நிற்கும் இடத்தில்தான் பெரிய மீன் நூலை அறுக்கும். சந்தையில் வாங்கியது பளபளத்தது, ஆனால் திருகாணியெல்லாம் சிதைந்து, அடியில் பச்சைக் களிம்பு. கறுப்புப் பூச்சு உரிந்த பழையது நல்ல உடம்போடு இருந்தது. வருடம் முழுக்கப் பிரேக்கை இறுக்கியபடி சுவரில் தொங்கவிட்டதால் உள்ளே பிரேக்கின் வாசர் வளையங்கள் ஒட்டிப்போயிருந்தன. போன வருட மீனைத் தப்பவிட்டது அதுதான். ஏன் இறுக்கி வைத்தார் என்று கேட்டேன்.

“கள்ளன் கொண்டு போனாலும் அவனால நூல இழுக்கேலாம இரிக்கட்டும் எண்டுதான்.”

காத்தான்குடியில் கடைந்த சக்கரம்

திறந்து பார்த்தால் சின்னப் பல்சக்கரமும் தேய்ந்திருந்தது. அந்த ரீலைச் செய்தவர்கள் அதன் உதிரிப்பாகங்களை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இப்படியான நேரத்தில் நான் போவது காத்தான்குடி நிஸ்தார் காக்காவின் லேத் பட்டறைக்கு. வயதில் மூத்தவர், அதனால் எங்களுக்குக் காக்கா; படகு எஞ்சினுக்கு வேண்டியதைக் கடைந்து கொடுப்பவர். பழைய சக்கரத்தை வாங்கி, ஒவ்வொரு பல்லையும் நகத்தால் தடவிப் பார்த்தார். உடைந்த படகுத் தண்டொன்றின் வெண்கலத் துண்டை எடுத்துக் கடையத் தொடங்கினார். முதலில் செய்தது எனக்குக் குறையில்லாததாகத் தெரிந்தது. அவர் ரீலில் போட்டுக் காதருகே வைத்துச் சுற்றினார், கழற்றிப் பெட்டியில் எறிந்தார், மறுபடி கடைந்தார். இரண்டாவதைப் போட்டதும் ரீல் சத்தமே இல்லாமல் சுழன்றது. நான் அதைச் சுற்றிக்கொண்டே நின்றேன்.

நிஸ்தார் காக்கா வாழ்க்கையில் தூண்டில் பிடித்ததில்லை. மீன் அவருக்குச் சோற்றுக் கோப்பையில்தான் அறிமுகம். இது பெரிய பாரையைத் தாங்குமா என்று கேட்டேன்.

“சக்கரத்துக்கு நான் பொறுப்பு. மீனுக்கு நீங்க ஆரையாவது பொறுப்பு நிக்கச் சொல்லுங்க, தம்பி.”

உழவு மெசின் கிறீஸ்

தை பிறந்த கிழமை வவுணதீவிலிருந்து சின்னத்துரை அண்ணன் ஒரு ரீலோடு வந்தார். வேளாண்மைக்காரர், ஓய்வில் வாவியில் கொடுவா மீன் பிடிப்பவர். வயல் வட்டைக்குள் வெள்ளம் ஏறிப் பயிர் மூழ்குகிறது, இரண்டொரு நாளில் ஆற்றுவாயை வெட்டிவிடுவார்கள் என்ற செய்தியையும் கொண்டுவந்தார். அவருடைய ரீலில் பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் நூல் வழுக்கிக்கொண்டே போனது. கொடுவா ஒன்று அப்படியே எல்லா நூலையும் உருவிக்கொண்டு போயிருந்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே சக்கரமே தெரியவில்லை. அடைத்து வைத்த கிறீஸ்தான். பல்சக்கரத்துக்கு மெல்லிய பூச்சு, பிரேக் வாசருக்கு விரல் நுனியில் தொட்டது, அவ்வளவுதான் வேண்டும் என்றேன். அவர் ரீலை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ட உழவு மெசின் இந்தக் கிறீஸிலதான் ஓடுது. இதுக்கு மட்டும் என்ன பவுசு?”

நல்ல தண்ணி

மாரியில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும். மழை வெள்ளம் நிறைந்து வாவித் தண்ணீர் உப்புக் குறைந்து, கிட்டத்தட்டக் குடிநீராகிவிடும். மணலை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குள் பாயும். அதோடு வரும் சின்ன மீனுக்காகப் பெரிய மீன்கள் வாயிலில் காத்து நிற்கும். வெள்ளம் தணிந்ததும் கடல் உள்ளே ஏறத் தொடங்கும்.

திருத்திய ரீலைக் கொடுக்கும்போது தவராசாவுக்குச் சொல்லியிருந்தேன்: தூண்டில் போட்டு வந்தால் பிரேக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவி, காய்ந்ததும் பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள். இவ்வளவு ஒழுங்காகச் சொற்கேட்ட வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. ஒருநாளும் தவறவில்லை. ஆற்றுவாய் வெட்டி ஒரு கிழமை கழித்து ரீலோடு வந்து நின்றார். கைப்பிடி அசையவில்லை. திறந்தேன். தண்டு சுழலும் பெயரிங் முழுக்க வெள்ளை உப்பு. எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் வாவியில் வாளியால் அள்ளியதாம்.

“நல்ல தண்ணிதான். கார்த்திகையில வாயில ஊத்திப் பாத்துட்டுத்தானே தொடங்கினனான்.”

பேப்பரில் பரப்பிய ரீல்

ரீல் பேப்பரில் துண்டு துண்டாகக் கிடந்தபோது இராணி வந்தார். கூடவே சுவிஸ்காரர், ரீலைச் சுற்றிக்கொண்டு போகப் பொலித்தீன் உறையோடு. தைப்பூசம் கழிந்ததும் அவருக்குப் பயணம். துண்டுகளைப் பார்த்து அவர் கவலைப்படவில்லை. அலுமாரிக்குள் இருக்கப்போவது சுற்றத் தேவையில்லை, பொருத்திப் பூட்டித் தந்தால் போதும் என்றார். தவராசா வெளியே போய்த் தன் வானுக்குள் ஏறி இருந்துவிட்டார். ரீல் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

இராணி நிஸ்தார் காக்கா கடைந்த சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது புதிதாகச் செய்ததா என்று கேட்டார். மீன் இன்னும் வாயிலில் நிற்கிறதா என்றும் கேட்டார். சில நாள் நிற்கும் என்றேன். சக்கரத்தை வைத்த இடத்திலேயே வைத்தார்.

“அலுமாரிக்குப் போறதெண்டாலும் ஒருக்கா ஓடிட்டுப் போகட்டும், அண்ணன். பூசம் வரைக்கும் தவணை.”

பூசத்தன்று பின்னேரம்

பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, பெயரிங் மாற்றி, பூட்டிக் கொடுத்தேன். பூசத்தன்று வெயில் சாயும்போது முகத்துவாரத்தில் தவராசா நின்றார், சாட்சிக்கு இராணி, சட்டைப்பையில் குறட்டோடு நான்.

கடித்த மீன் கடலை நோக்கி ஓடியது. பிரேக் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. நூல் சீராகப் போனது. உருளையின் அடி உலோகம் தெரியும் வரை போனது. அப்போதும் தவராசா பிரேக்கைத் தொடவில்லை. மணலோடு நடந்தார், நின்றார், மீன் ஓய்ந்த நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நூலை மீட்டார். அந்த வயதில் ஒரு இயந்திரம் அப்படி வேலை செய்வதைப் பார்க்க நான் எத்தனை முறை வேண்டுமானாலும் போவேன். கடைசியில் தவராசாவின் இடுப்பளவு நீளமான பாரை மணலில் ஏறியது. பிறகு இராணியின் போன் அடித்தது. ரீலை எடுக்க எப்போது வரலாம் என்று சுவிஸ்காரர் கேட்டார்.

“அண்ணன், அது இப்ப வேலையில இரிக்கு. நீங்க அலுமாரிக்கு வேற ஒண்டு பாருங்க.”

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை நாவலடியில் அந்த ரீல் கிணற்றுத் தண்ணீரில் கழுவப்பட்டது. கழுவியவர் இராணி, அந்தத் தண்ணீரை முதலில் வாயில் ஊற்றிப் பார்த்தவரும் அவரே.