ஆழம் பார்த்தேன், ஏற வழி பார்க்கவில்லை

குண்டசாலையிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போய்வருகிறவன் நான். போன மாதம் மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தான் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய குழி. மேலிருந்து குதிக்க எனக்கு ஆசை வந்துவிட்டது.

நான் நிதானமானவன் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. நூலில் கல்லைக் கட்டி நாலைந்து இடங்களில் இறக்கிப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழம் இருந்தது. குதித்தேன்.

சுகமாகத்தான் இருந்தது. கரையேறப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. சுற்றிலும் செங்குத்துப் பாறை, முழுக்கப் பாசி. தண்ணீர் வெளியேறும் பக்கமோ பெரும் பள்ளம். கை வைத்த இடமெல்லாம் வழுக்கியது. குளிரில் கால்கள் விறைத்தன. நீச்சல் தெரியாத அத்தான் கத்திக்கொண்டே தேயிலை மலைக்கு ஓடினார்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவரோடு ஓடி வந்தார்கள். உடை நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து இறக்கினார்கள். மூவருமாக என்னை இழுத்து மேலே போட்டார்கள்.

"ஆழம் பாத்துத்தான் குதிச்சேன், அக்கா" என்றேன், பற்கள் தந்தியடிக்க.

"சரி தம்பி, எங்குட்டு ஏறுறதா இருந்தீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்களில் ஒருவர்.

அவர்கள் படங்குகளைப் பிழிந்து, ஈரத்தோடே கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

இப்போதும் நூலும் கல்லும் கொண்டுபோகிறேன். ஆனால் முதலில் கரையோரமாகத் தண்ணீரில் இறங்கி, வேறு யார் கையையும் பிடிக்காமல் மேலே ஏறிப் பார்க்கிறேன். ஏறிவிட்ட பிறகுதான் குதிக்கிறேன்.