அண்ணனின் இடது பக்கம்

இந்த நாட்டில் லாரியைக் கிளப்புவதற்கு முன்னால் அதனோடு பேச வேண்டும். கனடாவின் வின்னிபெக் நகரத்துக்கு வெளியே, காற்று நேராக வந்து முகத்தில் அறையும் ஒரு பொட்டலில் இருந்தது எங்கள் பயிற்சிப் பள்ளி. காலையில் போனதும் வண்டியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு பாகத்தையும் கையுறையோடு தொட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டயரில் வெட்டு இல்லை. நட்டுகள் இறுகியிருக்கின்றன. காற்றுக் குழாயில் கசிவு இல்லை. மனதுக்குள் பார்த்துக்கொண்டால் கணக்கில் வராது. பயிற்சியாளர் டக், அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருப்பார். முதல் வாரம் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆளில்லாத பனிவெளியில் ஒரு பெண் இரும்போடு பேசிக்கொண்டு நடப்பதை ஊரில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? என் அண்ணன் முத்தையா இத்தனை வருடம் லாரி ஓட்டினான். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், சாவியைத் திருப்புவான். ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர் தென்காசிக்குக் கிழக்கே கீழப்பாவூர். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை, புளியரை வழியாக மலை ஏறி, புனலூரில் இறக்கிவிட்டுத் திரும்புவது அண்ணனின் தொழில். அவன் என்னைவிட மிகவும் மூத்தவன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னைப் படிக்கவைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அந்த ஆறு சக்கர வண்டிதான். கல்யாணமாகிக் கனடாவுக்கு வந்த பிறகு என் கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் வேலை. சில வருடங்கள் மூச்சு முட்டும் அந்த நிலவறையில் இருந்துவிட்டு, கனரக வண்டி லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது, ஊரில் எல்லோரும் என் கணவரைத்தான் குறை சொன்னார்கள். அண்ணன் மட்டும் போனில் சிரித்தான்.

"ஏட்டி இசக்கி, கிளட்ச்சுக்கு ஒங்காலு எட்டுமா?"

"எட்டும்ணே. சீட்ட முன்னால தள்ளிக்கிடலாம்."

"அப்பம் ஓட்டு. நம்ம வீட்டுல நான் ஒருத்தன்தானா ஓட்டணும்?"

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

படிப்பு நினைத்ததைவிடக் கடினம். இங்கே சாலையில் வலப்பக்கம் போக வேண்டும். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அதோடு டக்கின் ஆங்கிலம். ஒரு நாள் சிக்னலை நெருங்கும்போது, "கவர் யுவர் பிரேக்" என்றார். பிரேக்கை எதைக்கொண்டு மூடுவது என்று தெரியாமல் குனிந்து காலடியில் தேடினேன். வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் தன் பக்கத்தில் இருந்த பயிற்சி பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, கோபப்படாமல் விளக்கினார்: மிதிக்க வேண்டாம், கால் மட்டும் பிரேக்குக்கு மேலே தயாராக இருக்கட்டும் என்பதுதான் பொருள். பிறகு சாலையில் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னார். வலதில் சைக்கிள். முன்னால் பள்ளிப் பேருந்து. எனக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அதற்கும் முன்பே மருத்துவப் பரிசோதனை ஒன்று முடிந்திருந்தது. டாக்டர் எதிரே உட்கார்ந்து, என் மூக்கை மட்டும் பார் என்று சொல்லிவிட்டு, தன் விரல்களை இரு பக்கவாட்டிலும் பின்னாலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார். விரல் தெரிந்ததும் சொல்ல வேண்டும். சும்மா ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டுநர் தேர்வுக்குக் காத்திருந்த நேரத்தில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அதற்காக ஊருக்குப் போனேன். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த மாதம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வண்டியில் கூட வருகிறேன் என்று அண்ணனிடம் கேட்டேன். சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், பொம்பளப் பிள்ளைக்கு அங்கன என்ன வேலை என்று விட்டுப் போய்விடுவான். இந்த முறை, "டிரைவரம்மா வாறா, எடம் விடுங்க" என்று சந்தையில் நின்றவர்களிடம் சொல்லிச் சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டான்.

போகும்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. இலஞ்சி விலக்கில், அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பைக்கில் வருகிறவர்கள் கூட்டமாகக் கடந்தார்கள். இடப்பக்கம் பார்ப்பதற்கு அண்ணன் கண்ணைத் திருப்பவில்லை. கழுத்தையே முழுசாகத் திருப்பினான். கழுத்து வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புனலூரில் காய்கறியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினோம். ஆரியங்காவு தாண்டி எங்கள் பக்கம் மலை இறங்கும்போது மழை தூறியது. ஒரு வளைவில் எதிரே சிமெண்ட் லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறியது. அதற்கு வழிவிட அண்ணன் இடப்பக்கம் ஒடித்தான். என் பக்கக் கண்ணாடியில் ஒரு பைக் வெகுநேரமாகத் தெரிந்துகொண்டிருந்தது. ஒருவன், அவன் மனைவி, நடுவில் ஒரு குழந்தை. எங்களுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே வந்துவிட்டார்கள்.

"அண்ணே, இடதுல பைக்கு."

சொன்னபோதே என் கால் தரையை ஓங்கி மிதித்தது. நான் உட்கார்ந்திருந்தது இடப்பக்கம். கனடாவில் அதுதான் ஓட்டுநர் இருக்கை. அண்ணன் வண்டியில் என் காலுக்குக் கீழே வெறும் தகரம். அண்ணன் பிரேக் அடித்தான். பைக் சுவரை உரசிக்கொண்டு முன்னால் போய் நின்றது. அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "கண்ணு காணான் வய்யே, சேட்டா?" என்று மலையாளத்தில் கத்தினான், கண் தெரியாதா என்று. குழந்தை அழக்கூட இல்லை.

"இவன் எங்கன இருந்து வந்தான்?" என்றான் அண்ணன். உண்மையாகவே கேட்டான்.

புளியரையில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு, என் மூக்கை மட்டும் பார், விரல் தெரிந்ததும் சொல் என்றேன். விளையாட்டு என்று நினைத்துப் பார்த்தான். டாக்டர் செய்ததுபோல விரல்களைக் கொண்டுவந்தேன். வலதில் சீக்கிரம் சொல்லிவிட்டான். இடதில் என் விரல் கன்னத்தைத் தாண்டி அவன் மூக்குக்குப் பக்கம் வரும்வரை அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை செய்தேன். அவனுக்கும் புரிந்துவிட்டது என்பது டீ டம்ளரைக் கீழே வைத்த விதத்தில் தெரிந்தது.

"கண்ணாடி போட்டாச் சரியாயிரும்," என்றான்.

"இது கண்ணாடிக்குச் சரியாகாதுண்ணே. ஆஸ்பத்திரியில காட்டணும். அதுவரைக்கும் நீ ஓட்டாத."

"கனடாச் சட்டத்த இங்கன கொண்டு வராத."

"சட்டம் இல்லண்ணே. அந்தப் பிள்ளயப் பாத்தேல்லா?"

அவன் டீக்குக் காசை எடுத்துக் கொடுத்தான். பிறகு சொன்னான், "நீ ஏறணும், நான் எறங்கணும். அப்படித்தான?"

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற நம் எல்லோருக்கும் இது தெரியும். பெட்டி நிறைய மிட்டாயும், வாய் நிறைய ‘அங்கெல்லாம் அப்படி இல்லை’ என்பதுமாகத்தான் வந்து இறங்குகிறோம். அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் விமானத்தில் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு நான் சொன்னது அந்த வகையா, வேறா என்று என்னாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அண்ணனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கும்.

வண்டியை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாம் என்றேன். கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்தான். அந்த ஊர் லாரியைத் தொட எனக்கு லைசென்ஸ் கிடையாது. வேறு வழி தெரியாமல் பக்கத்தில் ஏறி, நான் சொல்ல ஆரம்பித்தேன். இடதில் சைக்கிள். இடதில் ஆட்டோ ஒடிக்கிறான். இடதில் ஒரு அம்மா, ஆடு பிடித்துக்கொண்டு. செங்கோட்டை தாண்டி, தென்காசி நெரிசல் தாண்டி, கீழப்பாவூர் வரும்வரை சொன்னேன். நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவன் வேகத்தைக் குறைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மனைவியான மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உடனே வண்டிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அண்ணன் வந்தவர்களையெல்லாம் கும்பிட்டு வரவேற்றான், பந்தியில் நின்று பரிமாறினான், என் இலைப்பக்கம் மட்டும் வரவில்லை. திருநெல்வேலியில் கண் டாக்டர், இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடிப் பல வருடமாக நரம்பு கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது, இடது கண் ரொம்ப மோசம், போன பார்வை போனதுதான், சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டார். வண்டிக்கு வேறு டிரைவர் போட்டார்கள். அண்ணன் சந்தையில் நின்று லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறான். நான் கிளம்பிய அன்று அவன் சந்தையிலிருந்து வரவே இல்லை.

திரும்பி வந்து தேர்வில் தேறினேன். தேர்வு அதிகாரி முடிவில், "யூ ஆர் ஆல் செட்" என்றார். அது தேர்ச்சியா தோல்வியா என்று விளங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டக் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கிய பிறகுதான் இறங்கினேன். ஊருக்குப் போன் போட்டபோது மதினிதான் எடுத்தாள். "நல்லாரு தாயி. அண்ணன் வெளிய போயிருக்காவ," என்றாள். பின்னால் டிவி சத்தத்துக்கு நடுவே அவனுடைய இருமல் கேட்டது.

நான் தனியாக வண்டி எடுத்துப் பல மாதமாகிறது. போன வாரம், மேற்கே பிரெய்ரி சமவெளியில் ஓர் ஓய்விடத்தில் நின்றிருந்தபோது போன் அடித்தது. அண்ணன் பெயர் தெரிந்தது. எடுத்தேன்.

"எத்தன சக்கரம்?" என்றான்.

"பதினெட்டுண்ணே."

"ம்." பின்னால் சந்தை இரைச்சல் கேட்டது. யாரோ தக்காளிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இடது பக்கம் பாத்து ஓட்டு, என்ன? அங்கனதான் ஒண்ணுந் தெரியாது."

இங்கே வண்டியில் கண்ணுக்கு மறைவது வலப்பக்கம்தான். இடப்பக்கம் ஓட்டுநரின் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அவனிடம் சொல்லவில்லை.

"சரிண்ணே," என்றேன்.

நிறுத்தியிருந்த இடத்திலிருந்து கிளம்பும்போது வலது கண்ணாடியைப் பார்த்தேன். இந்த நாடு எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. வலதில் யாரும் இல்லை. பிறகு இடப்பக்கம், கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். வெறும் பனிவெளி, அடிவானம் வரை. பார்த்துவிட்டுத்தான் வண்டியை ஒடித்தேன்.