புளி போட்டுத் தேய்த்த நத்தை

கடலுக்கு அடியில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வாழும் நத்தைகளை, கடலே இல்லாத திருப்பதியில் உட்கார்ந்து ஆராய்வது என் தொழில். வருடா வருடம் காண்ட்ராக்ட் நீட்டிப்புக்காகக் காத்துக் கிடப்பவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். ஐந்து வருடமாக நான் காத்திருந்தது ஒன்றுக்குத்தான்: அந்த நத்தைகளை எடுக்கப் போகும் கப்பலில் ஓர் இடம்.

பெண் பார்க்கப் போன இடம்

நகரியில் பெண்ணின் அப்பா என் வேலையை விசாரித்தார். அந்த நத்தை இரை தேடுவதில்லை, உடம்புக்குள் குடியிருக்கும் கிருமிகளே அதற்குச் சாப்பாடு தயாரித்துத் தருகின்றன என்று உற்சாகமாக விளக்கினேன். கப்பலில் போய்வந்தால் வேலை நிரந்தரமாகலாம் என்றும் சொன்னேன். அவர் காபியை என் பக்கம் நகர்த்தினார்.

"நத்தைக்கு உள்ள இருக்கறது சோறு போடுது, சரி. எம் பொண்ணு இன்னா துன்னும்? மொதல்ல கப்பலுக்குப் போய்ட்டு வாங்க, அப்பறம் பேசலாம்."

பளபளப்பு

எங்கள் ஆய்வகத்தில் அந்த வெந்நீர் ஊற்று நத்தை, செதிள்நத்தை, ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஜாடியில் பதப்படுத்தி வைத்தது. அதன் பாதத்தை மூடி அடுக்கடுக்காகக் கருப்புச் செதிள்கள், இரும்பும் கந்தகமும் கலந்தவை. என் ஆராய்ச்சியே அந்தச் செதிள்கள்தான். மேலிடத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று, சுத்தம் செய்யும் செங்கம்மாவிடம் எல்லாவற்றையும் பளிச்சென்று வைக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஜாடியைத் தொடாதே என்று சொல்லத் தோன்றவில்லை.

திரும்பி வந்தால் அறை முழுக்கக் கந்தகம் கிளம்பி அழுகிய முட்டை நாற்றம். செங்கம்மாவின் ஒரு கையில் நத்தை, மறு கையில் தேங்காய் நார். பாதிச் செதிள்களைக் காணோம்.

"ஒரே துரு சார். சொம்பு தேய்க்கற மாதிரி புளி போட்டுத் தேச்சிக்கினு இருக்கேன், இன்னும் கொஞ்சம் போவல."

ப்ரொபசர் அறை

நடந்ததை நானே போய்ச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். கப்பலுக்குப் போகிறவர்கள் பட்டியல் அவர் மேஜைமேல் இருந்தது. என் இடத்தில் போன வருடம் சேர்ந்த பையனின் பெயர் ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. அவருக்குக் காரணம்தான் பாக்கி, அதையும் நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

"ஜாடிக்குள்ள இருக்கற நத்தையையே உன்னால காப்பாத்த முடியல. கப்பல்ல போயி இன்னா பண்ணப்போற?"

கப்பலிலிருந்து

ரேணிகுண்டாவில் புத்தூர் ரயிலுக்கு நின்றபோது அந்தப் பையன் போட்டோ அனுப்பினான். தட்டு நிறைய நத்தைகள், எல்லாம் உயிரோடு. எது என்ன என்று தெரியவில்லையாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி அனுப்பினேன். பொறாமையோடுதான். பதில் உடனே வந்தது.

"தேங்க்ஸ் அண்ணா. இங்க எல்லாரும் எனக்கு ரொம்பத் தெரியும்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

ஆக, என் படிப்புக்குக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது, எனக்குத்தான் கிடைக்கவில்லை.