உப்பு மேட்டில் சறுக்கிய தங்கை

1976 மே மாதம். காலை ஏழரை மணிக்குத் திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினேன். ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். கிளம்பும்போது அம்மா சொன்னது ஒன்றுதான்: "அவளுக்கு அங்க ஒரு குறை இருந்தா, எதுவும் பேசாம கையோட கூட்டிக்கிட்டு வந்துடு."

அவள் என்றது என் தங்கை வசந்தாவை. அப்பாவுக்குச் சிம்லாவில் மத்திய அரசு வேலை. நாங்கள் இருவரும் அங்கேதான் வளர்ந்தோம். ஓய்வு பெற்றுத் திண்டிவனம் திரும்பிய அப்பா, அவளை மரக்காணத்தில் ஓர் உப்பளக்காரர் வீட்டில் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை, மழைக்காலத்தில் வந்தாள். கறுத்து, இளைத்து, பேச்சுக் குறைந்திருந்தாளாம். டில்லியிலிருந்து விடுமுறைக்கு வந்த எனக்கு, அம்மா இதைச் சொன்ன நாளிலிருந்து சரியான தூக்கமில்லை.

பக்கத்து சீட்டில் காலி மீன்கூடையோடு ஓர் அம்மாள். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "தங்கச்சிய பாக்கப் போறீங்களா? வெயில் ஏறிட்டா உப்பளத்துப் பக்கம் கண்ணு கூசும், பாத்துப் போங்க" என்றார்.

ஒன்பது மணி தாண்டியதும் மரங்கள் குறைந்து நிலம் தட்டையானது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வரப்புகளில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். ஒரு நொடி, பனி என்றே நினைத்துவிட்டேன்.

சிம்லாவில் ஜனவரியில் பள்ளிக்கூடம் மூடிவிடும். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த சரிவில் பழைய தகரத் தட்டைப் போட்டு, வசந்தா முன்னால், நான் பின்னால் உட்கார்ந்து சறுக்குவோம். ஒருமுறை தட்டு கவிழ்ந்து அவள் பனிக்குள் முழுசாகப் புதைந்துவிட்டாள். அழுதுகொண்டே கையால் தோண்டினேன். முகம் தெரிவதற்கு முன்பே அவள் சிரிப்புக் கேட்டது.

வீட்டு வாசலில் அவளுடைய மாமியார் நின்றிருந்தார். நெடுநெடுவென்று உயரம். "வாங்கம்மா. எம் பையன் உப்பு லாரியோட வெளியூரு போயிருக்கான். உங்க தங்கச்சி அளத்துல இருக்குது. வாங்க போவலாம்" என்றார்.

இந்த வெயிலிலா! வழியெல்லாம் அம்மா சொன்னதே மனசில் ஓடியது.

ஓலைக் கொட்டகையில் ஆட்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த வசந்தா, என்னைக் கண்டதும் சொம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அக்கா, வாக்கா, ஒண்ணு காட்டறேன்!" கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு தகரத்தை இழுத்துக்கொண்டு குவியல் மேல் ஏறினாள்.

"ஏய், உப்பு லட்சுமிடி! உங்க அத்தை பாக்கறாங்க!"

"இந்தத் தகரத்தக் குடுத்ததே அத்தைதான்."

அவள் முன்னால், நான் பின்னால். முப்பது வயதில் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதியில் தகரம் திரும்பியது. இருவரும் உருண்டோம். நான் எழுந்தபோது வசந்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினாள். "கண்ணு! அக்கா, கண்ணு!"

மாமியார் நல்லதண்ணிக் குடத்தோடு ஓடிவந்தார். "கசக்காத! கசக்காதன்றேன்ல!" அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குடம் காலியாகும் வரை கண்ணில் ஊற்றினார். "தொறந்து பாரு. தெரியுதா?"

வசந்தா சிவந்த கண்களை மெல்லத் திறந்தாள். "தெரியுதுங்க அத்தை. அக்கா மூஞ்சி பூரா உப்பு."

மாமியாருக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவரோ முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "மழைக்காலம் பூரா அழுதுக்கினே இருந்துச்சும்மா. பனி, பனின்னுச்சு. பனிக்கு நான் எங்க போறது? நம்மகிட்ட இருக்கறது உப்புதான், இதுல சறுக்கிப் பாருன்னேன். அன்னிக்குத்தான் சிரிச்சுது."

சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக இருக்கும்போது கேட்டேன். "வசந்தா, என்னோட வந்து கொஞ்ச நாள் இருக்கியா?"

"எங்க வர்றதுக்கா? நாளைக்குப் பாத்தியில உப்பு வாரி எடுக்கறாங்க. அத்தை ஒண்டியா என்ன பண்ணுவாங்க?"

நாலு மணி பஸ்ஸுக்கு இருவரும் வந்தார்கள். பஸ் நகர்ந்ததும் கையசைக்கத் தலையை வெளியே நீட்டினேன். அவர்கள் அதற்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். வசந்தா கையை ஆட்டி ஆட்டி எதற்கோ வாதாடினாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சிம்லாவில் சறுக்கி முடித்ததும் வீட்டைப் பார்த்து நடப்பாளே, அதே நடைதான்.

ஜன்னலில் தலையைச் சாய்த்தேன். அப்புறம் ஒன்றும் தெரியாது. கண்டக்டர் தோளருகே கம்பியைத் தட்டித்தான் எழுப்பினார். "ஏம்மா, திண்டிவனம் வந்துடுச்சுங்க. எறங்குங்க."