இடக்கை உப்பு

என் மனைவி கடைசி ஆறு மாதமும் "ஒன்றுமில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன், நுட்பமான மாற்றங்களைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன், அதை நம்பினேன். அவள் போன பிறகு அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் நான் நம்புவதில்லை.

பக்கவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த பண்டாரியும் அதையேதான் சொன்னார். அவர் அடுத்த தெருக்காரர். காரைக்காலில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்கு முப்பது வருடமாகச் சமைத்ததால் ஊருக்கு அவர் பண்டாரி. பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில் இருந்ததால், கைப்பயிற்சிக்குத் துணையாகக் காலைதோறும் நான் போனேன். தேநீரையும் என் வீட்டிலிருந்தே போட்டு எடுத்துப்போவேன். வலக்கை விரல்களால் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். கை எழும்பியது, விரல்கள் மூட மறுத்தன.

எனக்குச் சந்தேகம் வந்தது கையில் அல்ல. முன்பு என் தேநீரைக் குடித்தால், "சார், இது காலேஜ் லேப்ல காய்ச்சுனதா?" என்று கேட்காமல் தம்ளரைக் கீழே வைக்க மாட்டார். இப்போது மறுபேச்சின்றிக் குடித்தார். அவர் மனைவிக்கோ ஒரே சந்தோஷம்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து தங்கமான மனுசனாயிட்டாரு அண்ணே. நேத்து மீன் ஆணத்துல உப்புப் போடவே மறந்துட்டேன். வாயத் தொறக்கலியே!"

உப்பில்லாத குழம்பு என்றதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரமலான் பிறந்தது. நேரத்துக்கு மாத்திரையும் தண்ணீரும் வேண்டும், இந்த வருடம் நோன்பு கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இவர் நோன்பும் வைத்தார். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சவும் ஒப்புக்கொண்டார். உடம்பு தாங்குமா என்று கேட்டேன்.

"ஒன்னும் இல்ல சார். ஒரு வருசமும் விட்டதில்ல."

பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நோன்பிருக்கும் சமையல்காரர் உப்புப் பார்க்க மாட்டார். நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட அனுமதி உண்டு. இவர் அதையும் செய்யாதவர், ஆவியின் வாசத்திலேயே உப்பைச் சொல்லிவிடுவார் என்பது ஊருக்கே பெருமை. நோன்பிருக்கும் வரை அவரை ருசி பார்க்கச் சொல்ல ஒருவரும் இல்லை. ருசியும் வாசமும் போய்விட்ட சமையல்காரருக்கு மறைந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதல் நாள் பிற்பகல் பள்ளிவாசலின் பின்கட்டுக்குப் போனேன். பெரிய தேக்சாவில் அரிசியும் கறியும் வெந்தயமும் குழைந்து கொதித்துக்கொண்டிருந்தன. உப்பு டப்பாவுக்குள் இடக்கையை விட்டு மூன்று பிடி அள்ளிப் போட்டார். அந்தத் தேக்சாவுக்கு மூன்று பிடி என்பது வலக்கையின் கணக்கு. அகன்ற, உழைத்த கை அது. இடக்கைக்கு அள்ளிப் பழக்கமில்லை. பாதி உப்பு விரலிடுக்கில் வழிந்து டப்பாவுக்குள்ளேயே விழுந்தது. அவர் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே நோன்பில்லாதவன் நான் ஒருவனே. ஒரு தம்ளர் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"எப்படி சார்?" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. கிளறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நாளெல்லாம் மாத்திரையும் தண்ணீரும் இல்லாத முப்பது நாள் என் கண்முன் நின்றது. அருகே போய், "உப்பு பாதிதான் இருக்கு" என்றேன்.

அவர் கரண்டியைத் தேக்சாவின் விளிம்பில் சாய்த்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மீன் ஆணத்துலேருந்து."

"அவளுக்கு?"

"தெரியாது. இன்னிக்கே நீங்க சொல்லுங்க. நாளைலேருந்து நோன்பு வேணாம், மாத்திரையப் போடுங்க. ருசி நான் பாக்குறேன்."

"மாசம் பூரா?"

"மாசம் பூரா."

அவர் வாய் ஒருபக்கமாகக் கோணிச் சிரித்தது. "அந்த டீயக் குடிக்கிற நாக்க நம்பி ஊருக்கே கஞ்சி ஊத்தச் சொல்றீங்களா?"

இடக்கையால் மறுபடி அள்ளி, பிடியை என் முன்னால் விரித்துக் காட்டினார். இன்னும் கொஞ்சம் என்றேன்.

மறுநாள் காலை கடலைக் கிண்ணத்தின் பக்கத்தில் மாத்திரை அட்டை கிடந்தது. ஒரு குழி திறந்திருந்தது. அவர் மனைவியின் கண்கள் சிவந்திருந்தன. பண்டாரி அந்தப் பக்கம் திரும்பியதும் அட்டையை எடுத்துப் பார்த்தேன். பிறகு நாற்காலிக்கு அடியிலும் பார்த்தேன்.

"முழுங்காமத் தூக்கிப் போட்டுட்டேன்னு நெனக்கிறீங்களா சார்?"

"ஆமா" என்றேன்.

அவர் வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினார். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தேன்.