ஃபெலிமோன் பார்த்துச் சொன்ன கேசினோ

ஃபெலிமோன் மேல் ரொமுலோவுக்கு இருந்த ஆத்திரம் வருஷங்கள் ஓடியும் அடங்கவில்லை. பணம் போனதை எப்போதோ விழுங்கிவிட்டான். தெரிந்தே தள்ளிவிட்டதைத்தான் விழுங்க முடியவில்லை.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ துறைமுக வாசலில் இருவரும் ட்ரைசைக்கிள், அதாவது பக்கவாட்டில் இருக்கை வைத்த மோட்டார் ரிக்‌ஷா, ஓட்டினார்கள். ஸ்டாண்டில் யார் போனில் புது ஆன்லைன் கேசினோ வந்தாலும் முதலில் ஃபெலிமோன் கைக்குத்தான் போகும். அதன் வலைப்பக்கத்தின் அடியில் போட்டிருக்கும் உரிம எண்ணை அரசாங்கப் பட்டியலில் தேடுவான். சின்னத் தொகை போட்டு, ஆடி, மிச்சத்தை உடனே வெளியே எடுத்துப் பார்ப்பான்.

"போடும்போது எல்லாரும் பல்லக் காட்டுவானுங்க. எடுக்கும்போது மூஞ்சியப் பாரு, அதான் நெசம்" என்பான்.

அவன் வேண்டாமென்ற இரண்டு கேசினோக்கள் ஊரை மொட்டையடித்துவிட்டு மறைந்தன. அதன்பின் அவன் சொல்லுக்கு ஸ்டாண்டில் மறுபேச்சு கிடையாது.

ரொமுலோவின் மகள் ஜோவெலினுக்கு ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பன் ஃபெலிமோன்தான். அந்த உறவால் இருவரும் ஒருவரையொருவர் 'பாரே' என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஜோவெலினின் நர்ஸ் படிப்புக்குக் கடைசி வருஷக் கட்டணத்தில் பாதிதான் சேர்ந்திருந்தது. அதைப் பெருக்கிவிடலாமென்று ரொமுலோவுக்கு ஆசை.

"இந்தப் புதுசு எப்படி, பாரே?"

"கண்ண மூடிக்கிட்டுப் போடு. நான் எடுத்துப் பாத்துட்டேன்."

"நம்பரத் தேடிப் பாத்தியா?"

"எம் மேலயே சந்தேகமா? உம் பொண்ண கோயில்ல ஏந்துன கைடா இது!"

போன் ரொமுலோவின் கையில்தான் இருந்தது. எண்ணைத் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் பாரேயின் கண்ணெதிரே அதைச் செய்வது அவன் முகத்தில் துப்புவது போல. வீட்டுக்குப் போய் ஒளிந்து பார்ப்பது இன்னும் கேவலம். பார்க்கவில்லை.

முதலில் ஜெயித்தான். எடுக்கப் போனால், இன்னும் கொஞ்சம் போட்டால்தான் கணக்குத் திறக்கும் என்றது கேசினோ. கையிலிருந்த மிச்சத்தையும் போட்டான். மறுநாள் அந்த வலைப்பக்கமே இல்லை. ஜோவெலின் படிப்பை விட்டுவிட்டு மருந்துக்கடையில் நிற்கப் போனாள்.

பிறகுதான் ஸ்டாண்டில் கூட வண்டி ஓட்டும் நோனோய் வாயைத் திறந்தான்.

"ஆள் புடிச்சுக் குடுத்தா, அவன் தோக்குறதுல கேசினோக்காரன் பங்கு குடுப்பானாம். உன் பாரே வண்டியில புது டயரப் பாத்தியா? உன்ன வித்து மாட்டுனதுய்யா!"

ரொமுலோ நேரே போய்க் கேட்டான். "நானும்தான் ஏமாந்தேன், பாரே" என்றான் ஃபெலிமோன். தன் வண்டியின் புது டயர் பக்கம் அவன் கண் போகவேயில்லை.

போன மாதம் ஃபெலிமோன் படுத்த படுக்கையாகி, ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். 'தெரிஞ்சுதான் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதுமென்று ரொமுலோ போனான். பக்கத்தில் உட்கார்ந்து, அதற்காகக் காத்திருந்தான்.

ஃபெலிமோன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"பாரே, நான் போனதும் வழக்கம்போல துக்க வீட்ல சீட்டு மேச போடுவாங்க. ஆட்டத்துக்கு ஆட்டம் வீட்டுக்குன்னு எடுக்குற காசு எம் பொண்டாட்டிக்குத்தான் சேரணும். அந்தக் காசு டப்பாவ எவங்கிட்டயும் குடுத்துடாத, ஒருத்தனையும் நம்ப முடியாது. நீயே கையில வச்சுக்க."